பாதியில் நிற்கும் வேலை

பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் எங்கள் வாத்தியார், "இதை வீட்டில் படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். விந்தகம், அண்டகம், கருக்குழாய் என்று படத்தில் பாகம் குறித்ததோடு சரி. உள்ளே முட்டையும் விந்தணுவும் உருவாகும் வேலைக்கு எவ்வளவு காலம் ஆகிறது என்பது அந்தப் படத்தில் தெரியாது.

வேலை இருபாலருக்கும் ஒன்றுதான். நம் உடல் செல்லில் 46 குரோமோசோம்கள். அம்மா வழி 23, அப்பா வழி 23. இரண்டு செல்கள் அப்படியே சேர்ந்தால் பிள்ளைக்கு 92 ஆகிவிடும். அதனால் முட்டையும் விந்தணுவும் உருவாகும்போதே எண்ணிக்கை பாதியாக வேண்டும். இதுதான் குன்றல் பகுப்பு; இரண்டு கட்டமாக நடக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் எது போய்ச் சேரும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. 23 ஜோடிக்கு 83,88,608 சேர்க்கைகள். உயிர்களில் 84 லட்சம் வகை என்று சொல்லும் '84 லட்சம் யோனி பேதம்' என்ற பழைய கணக்குக்குப் பக்கத்தில் வருகிறதே என்றால், தற்செயல்தான். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

ஆண் பக்கம் கதை எளிது. பருவம் வந்ததிலிருந்து விந்தகத்தின் நுண்குழல்களில் ஓயாத உற்பத்தி. பகுப்பில் இறங்கும் ஒரு செல்லிலிருந்து நாலு விந்தணு. வால் முளைத்து வெளியே வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அப்புறம் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயில் (நீட்டினால் சுமார் 6 மீட்டர்) ஊர்ந்து வரும்போதுதான் நீந்தும் திறன் வருகிறது. உடல் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவாக இருந்தால்தான் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். கடும் காய்ச்சல் வந்துபோனால் அடுத்த ஓரிரு மாதம் எண்ணிக்கை குறையக்கூடும்.

பெண் பக்கம்தான் விசித்திரம். தாய் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அந்தப் பெண்குழந்தையின் அண்டகங்களில் 60, 70 லட்சம் முட்டைச் செல்கள். பிறக்கும்போது 10, 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். ஆயுளில் வெளிவருவதோ 400, 500தான். இவை பிறப்புக்கு முன்பே பகுப்பைத் தொடங்கி, குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொண்ட கையோடு, அப்படியே நின்றுவிடுகின்றன. சில முட்டைகள் 15 வருடம் நிற்கும், சில 45 வருடம். ஜோடிகளைப் பிணைத்திருக்கும் புரதம் அதற்குள் தளர்ந்துபோகிறது. தாயின் வயது கூடக் கூட, முட்டையில் 23-க்குப் பதில் 24 தங்கி, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி வளர்ச்சிக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். (ஆண் செல்களும் மரபுச் செய்தியைப் பிரதி எடுத்து எடுத்து, வயது ஏற ஏற எழுத்துப்பிழை சேர்க்கின்றன. ஊரில் கேட்பது பெண்ணின் வயதை மட்டும்.)

முட்டை வெளிவரும் மாதத்தில் ஹார்மோன் ஏறியதும் வேலை மறுபடி தொடங்குகிறது. பாகப்பிரிவினை சமமாக இருக்காது. பாதி குரோமோசோம்களைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஓரத்தில் தள்ளிவிட்டு, சாப்பாட்டையெல்லாம் முட்டையே வைத்துக்கொள்ளும். கருப்பையில் ஒட்டும்வரை கரு பெரும்பாலும் அந்தச் சேமிப்பை நம்பித்தான் ஓட வேண்டும். பொட்டலத்துக்குத் துருவ செல் என்று பெயர். உடனே இரண்டாம் பகுப்பு. அதுவும் நடுவில் நிற்கிறது. விந்தணு உள்ளே நுழைந்தால்தான் மிச்சம் முடிந்து, இரண்டாவது பொட்டலம் வெளியேறும். விந்தணு வராத முட்டை, வேலையை முடிக்காமலே அழிந்துபோகிறது.

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். விந்தணு சேர்த்து 16, 18 மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் குனிகிறார்கள். கண்ணாடி உருண்டை போல முட்டை. குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர். நடுவில் ஒட்டினாற்போல் இரண்டு உட்கருக்கள், ஓரத்தில் இரண்டு பொட்டலங்கள். நான்கும் தெரிந்தால், கரு உருவாகியிருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள்.