கிளாஸ் வந்து சேர்ந்தது, மாறி வரவில்லை

பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பிஎச்பி நிரல்மொழியில் எழுதிய பழைய இணையதளம் ஒன்றைச் சீர்படுத்தப் புகுபவர் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று, இன்டெக்ஸ் கோப்பின் தலைப்பில் வரிசையாக நின்று வேறு கோப்புகளை உள்ளே சேர்க்கும் ரிக்வயர் வரிகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆட்டோலோடரை, அதாவது தேவைப்படும் கோப்பைத் தானே சேர்க்கும் ஏற்றியை, வைப்பதாகும். பெரும்பாலான கிளாஸ்கள் (தரவையும் அதற்கான ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டிய நிரல் அலகுகள்) மறுபேச்சின்றி வேலை செய்யும். ஏதேனும் ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கும். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் அதன் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மேலே, எந்த ஃபங்ஷனுக்குள்ளும் அடங்காமல், தரவுத்தள இணைப்பை உருவாக்கி $இணைப்பு என்ற மாறியில் வைக்கும் ஒரு வரி. அதன் கீழே ‘பயனர்’ என்ற கிளாஸ். அந்தக் கிளாஸின் மெத்தட் (கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷன்) ஒன்றில், பொது மாறியைக் கேட்டுப் பெறும் ‘குளோபல் $இணைப்பு’ என்ற அறிவிப்பும், அடுத்த வரியில் $இணைப்பின் பிரிபேர் மெத்தடுக்கு ஓர் அழைப்பும். (மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதை பிஎச்பி தடுப்பதில்லை, கோப்பு யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருந்தால் இந்தப் பெயர்கள் அப்படியே ஓடும்.) ரிக்வயர் வரி இருந்தவரை ஒழுங்காக ஓடிய இந்தக் கோப்பு, ஆட்டோலோடர் வந்த மறுகணம், நல் (null, வெறுமை) மதிப்பின் மீது பிரிபேர் அழைக்கப்பட்டதாகப் பிழை காட்டி நின்றுவிடும்.

கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கிளாஸ் கிடைக்கவில்லை என்று பிஎச்பி குறை சொல்லவும் இல்லை. மாறியது ஒன்றுதான்: அந்தக் கோப்பை உள்ளே அழைத்த வரி எங்கே இருக்கிறது என்பது.

கோப்பை உள்ளே சேர்க்கும் இன்க்ளூட், ரிக்வயர் ஆகிய இரண்டு கட்டளைகளுக்கும் பிஎச்பி வகுத்திருக்கும் விதி சுருக்கமானது. சேர்க்கப்படும் கோப்பின் நிரல், அதைச் சேர்க்கும் வரி எந்த வரையெல்லைக்குள் (மாறிகள் செல்லுபடியாகும் பகுதிக்குள்) இருக்கிறதோ அந்த வரையெல்லையின் மாறிகளோடு ஓடும். அந்த வரி எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாமல் வெளியே இருந்தால், கோப்பின் மாறிகள் குளோபல் மாறிகளாகும். ஒரு ஃபங்ஷனுக்குள் இருந்தால், அந்த ஃபங்ஷனின் லோக்கல் மாறிகளாகி, ஃபங்ஷன் முடிந்ததும் மறைந்துவிடும். ஆனால் அதே கோப்பில் அறிவிக்கப்படும் கிளாஸ்களுக்கும் ஃபங்ஷன்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எங்கிருந்து சேர்க்கப்பட்டாலும் அவை நிரல் முழுவதற்கும் பொதுவானவை. கிளாஸின் பெயர் ஊர்ப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது; மாறியோ இறங்கிய வீட்டின் விருந்தாளியாகவே இருக்கிறது.

ஒரே கோப்பின் உள்ளடக்கத்துக்கு இப்படி இரண்டு விதிகள் வாய்ப்பதற்குக் காரணம், சேர்க்கும் வேலை இரண்டு கட்டங்களாக நடப்பதுதான். முதற்கட்டத்தில் பிஎச்பி எஞ்சின் கோப்பு முழுவதையும் படித்துத் தொகுக்கிறது. அப்போதே, நிபந்தனைகளுக்குள் சிக்காத ஃபங்ஷன்களும், வேறொரு கிளாஸைச் சார்ந்திராத எளிய கிளாஸ்களும், எஞ்சின் வைத்திருக்கும் பொது அட்டவணைகளில் பதிவாகிவிடுகின்றன. இரண்டாம் கட்டத்தில்தான் கோப்பின் வரிகள் மேலிருந்து கீழாக இயக்கப்படுகின்றன; மாறிகளுக்கு மதிப்பு ஏறுவதும் அப்போதுதான். இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. கோப்பின் முதல் வரியிலேயே ரிட்டர்ன் என்று எழுதிவிட்டுக் கீழே ஒரு ஃபங்ஷனை அறிவித்தால், அந்த வரியைத் தாண்டி எதுவும் ஓடாதபோதும், சேர்த்த இடத்திலிருந்து அந்த ஃபங்ஷனை அழைக்க முடியும். ரிட்டர்னுக்குக் கீழே எழுதிய மாறி மட்டும் பிறப்பதே இல்லை.

இரண்டாம் கட்டத்தில் எஞ்சினுக்குச் சற்றுக் கூடுதலான வேலை இருக்கிறது. வழக்கமாக ஒரு ஃபங்ஷனின் லோக்கல் மாறிகளைப் பெயரால் தேடும் தேவை அதற்கு இல்லை. தொகுக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ஓர் இடத்தை ஒதுக்கிவிடுகிறது. இன்க்ளூட் வந்ததும் நிலைமை மாறுகிறது, ஏனெனில் உள்ளே வரும் கோப்பு தனியாகத் தொகுக்கப்பட்டது. அழைத்த ஃபங்ஷனின் எண்கள் அதற்குத் தெரியாது. ஆகவே எஞ்சின் அந்த ஃபங்ஷனின் மாறிகளுக்குப் பெயர்ப் பட்டியல் ஒன்றை அவ்விடத்திலேயே உருவாக்கி, உள்ளே வரும் கோப்பை அதனோடு இணைக்கிறது. கோப்பு எழுதும் மாறிகள் அந்தப் பட்டியலில்தான் விழுகின்றன.

இனி ஆட்டோலோடருக்கு வரலாம். 2004-இல் வெளிவந்த பிஎச்பி 5, அண்டர்ஸ்கோர் இரண்டைத் தலையில் சுமந்த ஆட்டோலோட் என்ற ஒரு ஃபங்ஷனை எழுதிக்கொள்ள வழி தந்தது. இதுவரை அறிவிக்கப்படாத கிளாஸ் ஒன்றின் பெயர் தேவைப்படும்போது எஞ்சினே அதை அழைத்துப் பெயரைக் கொடுக்கும். ஒரு நிரலில் அந்த ஃபங்ஷன் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால், இரண்டு நூலகங்கள் ஒரே தளத்தில் சேர்ந்தால் மோதல் உண்டாயிற்று. அடுத்து வந்த 5.1 வரிசையில் எஸ்பிஎல் ஆட்டோலோட் ரெஜிஸ்டர் என்ற ஏற்பாடு வந்து, எத்தனை ஏற்றிகளையும் வரிசையாகப் பதிந்துகொள்ள இடமளித்தது. பழைய முறை 7.2-இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, 2020-இல் வந்த பிஎச்பி 8.0-இல் நீக்கப்பட்டது. எந்த முறையானாலும் நமக்கு முக்கியமான உண்மை ஒன்றே: ஏற்றி என்பது ஒரு ஃபங்ஷன். அதற்குள் எழுதிய இன்க்ளூட் வரி ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதிய இன்க்ளூட் வரிதான்.

இப்போது முரண்டு பிடித்த கோப்பின் கதை விளங்கும். பழைய ஏற்பாட்டில் இன்டெக்ஸ் கோப்பின் வெளி வரியிலிருந்து அது சேர்க்கப்பட்டதால் $இணைப்பு குளோபல் மாறியாயிற்று. புதிய ஏற்பாட்டில் ஏற்றியின் லோக்கல் மாறியாகப் பிறந்து, ஏற்றி வேலையை முடித்துத் திரும்பியதும் அழிந்துபோயிற்று. ‘பயனர்’ கிளாஸ் மட்டும் நிலைத்தது. இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்குவது குளோபல் என்ற அறிவிப்பின் குணம். இல்லாத மாறி ஒன்றைக் குளோபல் என்று அறிவித்தால் பிஎச்பி எச்சரிக்காது. நல் மதிப்போடு அந்தப் பெயரில் ஒரு குளோபல் மாறியைத் தானே உண்டாக்கிக் கொடுத்துவிடும். அதனால் ‘வரையறுக்கப்படாத மாறி’ என்று வரவேண்டிய எச்சரிக்கை வராமல் போய், பிழை அடுத்த வரியில் வேறொரு முகத்தோடு வெளிப்படுகிறது. இந்த மௌனம் மொழியின் குறை என்றே நான் கருதுகிறேன்.

ஏற்றி எப்போது அழைக்கப்படும் என்பதும் நிரலை எழுதியவரின் கையில் முழுமையாக இருப்பதில்லை. நியூ என்று எழுதிப் பொருள் உருவாக்கும்போது அழைக்கப்படும். ஸ்டாட்டிக் மெத்தடைத் தொடும்போதும், ஒரு கிளாஸ் இன்னொன்றிலிருந்து நீட்டிக்கப்படும்போதும், கிளாஸ் எக்ஸிஸ்ட்ஸ் என்று விசாரிக்கும்போதும்கூட அழைக்கப்படும். ஆனால் ஒரு பொருள் குறிப்பிட்ட கிளாஸைச் சேர்ந்ததா என்று பார்க்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் சோதனையோ, ஃபங்ஷனின் அளவுருவுக்கு எழுதிய வகைக் குறிப்போ, பிழையைப் பிடிக்கும் கேட்ச் வரியோ அதை எழுப்பாது. எனவே கிளாஸ் கோப்பின் மேல்வரியில் ஏதேனும் வேலை வைக்கப்பட்டிருந்தால், அது எந்தக் கணத்தில் நடக்கும் என்பது தளத்தின் எந்தப் பக்கம் முதலில் எந்தக் கிளாஸைத் தொட்டது என்பதைப் பொறுத்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் நடந்து இன்னொரு பக்கத்தில் நடக்காமலும் போகும்.

இதுவரை பார்த்தது கோப்பின் மாறி தொலைந்துபோகும் துன்பம். எதிர்த்திசையிலும் ஒரு துன்பம் உண்டு. ஏற்றியின் மாறிகள் உள்ளே வரும் கோப்பின் கண்ணில் படுகின்றன, அதன் கைக்கும் எட்டுகின்றன. ஒருவர் தம் ஏற்றியில், பல அடைவுகளை (ஃபோல்டர்களை) ஒவ்வொன்றாகத் தேடும் சுற்றுக்குள் இன்க்ளூட் வரியை எழுதி, சுற்று முடிந்தபின் எந்தப் பாதையில் கிடைத்தது என்பதை $பாதை மாறியிலிருந்து பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கப்பட்ட கோப்பின் மேல்வரியில் யாரோ ஒருவர் அதே $பாதை என்ற பெயரில் படங்களின் அடைவை வைத்திருந்தால், ஏற்றியின் மாறி சத்தமின்றி மாற்றப்பட்டுவிடும். ஏற்றி ஒரு கிளாஸின் மெத்தடாக எழுதப்பட்டிருந்தால் இன்னும் விபரீதம்: உள்ளே வரும் கோப்பு, நடப்புப் பொருளைக் குறிக்கும் $திஸ் வழியாக ஏற்றியின் அந்தரங்கப் பண்புகளைக்கூடத் தொட முடியும்.

2012 முதல் பிஎச்பி உலகின் பொது ஏற்பாடாக வளர்ந்த, நூலகங்களைச் சேர்த்துத் தரும் கருவியான கம்போசர் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதன் கிளாஸ்லோடர் கோப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை மெத்தட்களில் செய்கிறது. கண்டுபிடித்த கோப்பைச் சேர்க்கும் அந்த ஒற்றை வரியை மட்டும் அங்கே வைத்துக்கொள்வதில்லை. முந்தைய பதிப்புகளில் கிளாஸுக்கு வெளியே எழுதிய ஒரு குட்டி ஃபங்ஷனுக்கும், பிந்தைய பதிப்புகளில் எந்தப் பொருளோடும் பிணைக்கப்படாத ஒரு ஸ்டாட்டிக் குளோஷருக்கும் (பெயரற்ற ஃபங்ஷனுக்கும்) அது ஒப்படைக்கப்பட்டது. அந்த ஃபங்ஷனின் உடல் ஒரே வரி. அதன் அளவுரு ஒன்றே, கோப்பின் பாதை. ஆகவே உள்ளே வரும் கோப்பு காணக்கூடிய மாறி அதன் சொந்தப் பாதையைத் தாங்கிய அந்த ஒன்று மட்டுமே, $திஸ் அங்கே கிடையாது. சொந்தமாக ஏற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது பார்த்து எழுதலாம்.

கம்போசரில் ஃபைல்ஸ் என்ற பிரிவு ஒன்று உண்டு. ஃபங்ஷன்களைத் தேவைப்படும்போது ஏற்றும் வசதி பிஎச்பியில் இல்லாததால், உதவி ஃபங்ஷன்கள் நிறைந்த கோப்புகளை அதில் குறித்து வைப்பார்கள். ஒவ்வொரு வேண்டுகோளின் தொடக்கத்திலும் அவை சேர்க்கப்படும். தொடக்கத்திலேயே சேர்க்கப்படுவதால் அவற்றின் மாறிகள் குளோபல் ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது, அங்கேயும் சேர்ப்பது ஒரு ஃபங்ஷன்தான்.

இந்த விதி, பிஎச்பியில் எழுதிய வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளுக்குச் செருகுநிரல் எழுதுகிறவர்களை வேறொரு வாசலில் சந்திக்கிறது. செருகுநிரல்களை வழக்கமான வேண்டுகோள்களில் வேர்ட்பிரஸ் தன் அமைப்புக் கோப்பின் வெளி வரிகளிலிருந்து சேர்க்கிறது. அப்போது செருகுநிரலின் மேல்வரி மாறிகள் குளோபல். ஆனால் நிர்வாகி ‘செயல்படுத்து’ என்ற பொத்தானை அழுத்தும் அந்த ஒரு தடவை மட்டும், செருகுநிரல் ஒரு ஃபங்ஷனுக்குள்ளிருந்து சேர்க்கப்படுகிறது. அதனால் செயல்படுத்தும்போது ஓடும் ஃபங்ஷன் ‘குளோபல்’ என்று கேட்டுப் பெறும் மாறி வெறுமையாக இருக்கும். மற்ற எல்லா நேரங்களிலும் நிரம்பியிருக்கும். மேல்வரி மாறிகளை, அவற்றுக்கு மதிப்புத் தரும் முன்பே வெளிப்படையாகக் குளோபல் என்று அறிவித்துவிட வேண்டும் என்று வேர்ட்பிரஸ் ஆவணங்கள் அறிவுறுத்துவது இதனால்தான். வார்ப்புருக் கோப்புகளிலும் இதே கதைதான்: கெட் டெம்ப்ளேட் பார்ட் மூலம் ஒரு துணைக் கோப்பை அழைத்தால், அழைத்த கோப்பின் மாறிகள் அதற்குத் தெரியாது, ஏனெனில் நடுவே ஃபங்ஷன்கள் நிற்கின்றன. 2020-இல் வந்த 5.5 பதிப்பில்தான் மதிப்புகளை ஓர் அளவுருவாக அனுப்பும் வழி சேர்க்கப்பட்டது.

அழைக்கும் இடத்திலிருந்து கோப்புக்குள் வருவது மாறிகளும் $திஸ் சார்ந்த சூழலும் மட்டுமே. அழைக்கும் கோப்பின் நேம்ஸ்பேஸ் (பெயர்களைப் பிரித்து வைக்கும் முன்னொட்டு) உள்ளே வராது; அங்கே யூஸ் என்று எழுதிச் சுருக்கிக்கொண்ட பெயர்களும் கண்டிப்பு வகைச் சோதனை அறிவிப்பும் வரமாட்டா. இவை ஒவ்வொரு கோப்புக்கும் அதனதன் சொந்தம். டிஐஆர் என்ற மாய மாறிலியும் அப்படியே: தொகுக்கும்போதே அந்தக் கோப்பு இருக்கும் அடைவின் பாதை அதில் பதிக்கப்படுகிறது, யார் அழைத்தாலும் மாறாது. கிளாஸ் கோப்புக்குள்ளிருந்து இன்னொரு கோப்பைச் சேர்க்க வேண்டியிருந்தால் இரண்டு புள்ளிகளில் தொடங்கும் சார்புப் பாதையைத் தவிர்த்து டிஐஆரை முன்னொட்டாக வைப்பதற்கு இதுவே காரணம். சார்புப் பாதை நடப்பு அடைவிலிருந்து கணக்கிடப்படும். உலாவி வழியாக ஓடும்போது இருக்கும் நடப்பு அடைவு, அதே நிரலைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் ஓட்டும்போது இருப்பதில்லை.

திருத்தும் வழிகளில் மிக மலிவானது, மேல்வரி மாறிக்கு முன்னால் குளோபல் என்று எழுதிவிடுவது. அல்லது எந்த வரையெல்லையிலும் கிடைக்கும் $குளோபல்ஸ் அணியில் மதிப்பை வைப்பது. இரண்டும் வேலை செய்யும், இரண்டும் நோயை ஒத்திப்போடும். பிஎச்பி நிரலாளர்களுக்கான எழுத்துமுறை விதியான பிஎஸ்ஆர்-1 தரநிலை சொல்வது இதைவிடத் தெளிவானது: ஒரு கோப்பு கிளாஸ், ஃபங்ஷன் போன்றவற்றை அறிவிக்கட்டும், அல்லது ஏதேனும் வேலையைச் செய்யட்டும், இரண்டையும் ஒருங்கே செய்ய வேண்டாம். நம் உதாரணத்தில் இணைப்பை உருவாக்கும் வரியை ‘பயனர்’ கோப்பிலிருந்து எடுத்து, தளத்தின் தொடக்கக் கோப்பில் வைத்து, பொருளை உருவாக்கும்போது கன்ஸ்ட்ரக்டர் வழியாக அதற்குக் கொடுத்துவிட்டால், கோப்பு எங்கிருந்து சேர்க்கப்படுகிறது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகும்.

அமைப்பு மதிப்புகளுக்குத் தனிக் கோப்பு வைப்பவர்கள் மாறிகளை விட்டுவிட்டு ஓர் அணியை ரிட்டர்ன் செய்வது நல்ல பழக்கம். இன்க்ளூட் அந்த மதிப்பை அப்படியே திருப்பித் தரும், அழைப்பவர் தம் மாறியில் பெற்றுக்கொள்ளலாம். இங்கே ரிக்வயர் ஒன்ஸ் பயன்படுத்தக் கூடாது. முதல் தடவை அணியைத் தரும் அது, கோப்பு முன்பே சேர்க்கப்பட்டிருந்தால் அடுத்த தடவையிலிருந்து ட்ரூ என்ற மதிப்பை மட்டும் தரும். அணி என்று எண்ணித் திறவுகோலால் தேடுபவருக்கு நல்தான் கிடைக்கும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் சந்தேகத்துக்குரிய கோப்பு ஒன்று இருந்தால், அதன் முதல் வரியில் டீபக் பிரின்ட் பேக்டிரேஸ் என்ற ஃபங்ஷனைத் தற்காலிகமாக அழைத்துப் பார்க்கலாம். அச்சாகும் பட்டியலில் இன்க்ளூட், ரிக்வயர் வகைப் படிகள் மட்டுமே இருந்தால் அந்தக் கோப்பின் மாறிகள் குளோபல். நடுவே ஒரு ஃபங்ஷனின் பெயரோ குளோஷர் என்ற குறிப்போ ஒன்று தென்பட்டாலும், அவை அங்கேயே முடிந்துவிடும்.