விழுந்ததால் உடையவில்லை, உடைந்ததால் விழுந்தார்

"நான் விழவே இல்ல டாக்டர். படக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் கீழ கிடந்தேன்."

சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 69. அடுப்பிலிருந்து குக்கரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். வழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

எக்ஸ்ரேவைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் உடைவது இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதி. டீச்சருக்கோ தொடை எலும்பின் நடுத்தண்டு, முருங்கைக் கொம்பை ஒடித்த மாதிரி குறுக்கே உடைந்திருந்தது. நொறுங்கல் எதுவும் இல்லை.

"வாரம் ஒரு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்பார்களே?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மாத்திரையா? அது ஒன்பது வருஷமா போடுறாங்களே!"

அலெண்ட்ரோனேட். எலும்பு மெலிவுக்குக் கொடுக்கப்படும் நல்ல மருந்து. ரைசெட்ரோனேட் மாத்திரை, வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட் ஆகியவையும் இதே குடும்பம்தான்.

நம் எலும்பு ஓயாமல் மராமத்து நடக்கும் வீடு. ஒரு கூட்டம் செல்கள் பழையதைக் கொத்தி எடுக்கும், இன்னொரு கூட்டம் புதிதாகப் பூசும். வயதானால், அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, கொத்துவது மிஞ்சிப்போகும். மாத்திரை அந்தக் கொத்து வேலையை அடக்கி வைக்கிறது. ஆனால் பல ஆண்டுகள் அடக்கியே வைத்திருந்தால் பழைய விரிசலைக் கொத்திச் சரிசெய்யவும் ஆள் இருக்காது. தொடை எலும்பின் வெளிப்பக்கம்தான் நடக்கும்போதெல்லாம் இழுபடும் இடம். மயிரிழை விரிசல் அங்கே விழுந்து, ஆறாமல் உள்ளே நகரும்.

யாருக்கு அபாயம் அதிகம்? எத்தனை ஆண்டுகளாக மருந்து எடுக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. 2020இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு ஒன்றில் 50 வயது கடந்த சுமார் 1,96,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மருந்து எடுத்த காலம் நீள நீள, இந்த முறிவும் கூடியது. குள்ளமானவர்கள், எடை கூடியவர்கள், ஓராண்டுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், ஆசிய வம்சாவளிப் பெண்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதலாக இருந்தது. தொடை வில் போல வெளிப்பக்கம் வளைந்திருப்பவர்களையும் நான் சேர்த்துக்கொள்வேன். ஸ்டீராய்டு என்றதும் "நான் சாப்பிடறதில்லையே" என்பார்கள். லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இதைப் படித்துவிட்டு இன்றே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதே ஆய்வின் கணக்குப்படி, 10,000 ஆசியப் பெண்கள் மூன்றாண்டு மருந்து எடுத்தால் 91 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படும். இந்த வகை முறிவு வருவது 8 பேருக்கு. மருந்தில் தப்பில்லை. ஒரே சீட்டை வைத்து மெடிக்கல் ஷாப்பில் ஒன்பது வருடம் வாங்குவதும், நாங்கள் யாரும் "போதும், நிறுத்தி வைப்போம்" என்று சொல்லாமல் விடுவதும்தான் தப்பு. மாத்திரை என்றால் ஐந்தாண்டு, வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஊசி என்றால் மூன்றாண்டு முடிந்ததும் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பலருக்கு இடைவெளி விடலாம். நிறுத்தினால் இந்த அபாயம் சீக்கிரமே குறைகிறது. இதே எலும்பு மெலிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி மட்டும் வேறு கதை. அதிலும் அபூர்வமாக இந்த முறிவு வரும். ஆனால் திடீரென நிறுத்தினால் முதுகெலும்புகள் நொறுங்கக்கூடும். டாக்டரைக் கேட்காமல் அதன் தவணையைத் தள்ளிப்போடவே கூடாது.

டீச்சருக்கு நான்கு மாதமாகவே தொடையில் வலி இருந்திருக்கிறது. முட்டிக்கு ஒரு எக்ஸ்ரே, இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "தேய்மானம்" என்று தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு படத்துக்கும் நடுவே இருந்த தொடையை யாரும் எடுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் இந்த மருந்தை எடுப்பவருக்குத் தொடையிலோ தொடை இடுக்கிலோ வலி வந்தால், இடுப்பிலிருந்து முட்டிவரை முழுத் தொடையையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு காலிலும். படத்தில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.

டீச்சரின் மறு தொடையையும் எடுத்துப் பார்த்தோம். வெளி ஓரத்தில் கரும்புக் கணு மாதிரி ஒரு சின்னப் புடைப்பு, அதன் நடுவே மெல்லிய கருங்கோடு. அந்தக் காலிலும் வலி இருந்ததால், உடையும்வரை காத்திருக்காமல் உள்ளே நீளக் கம்பி வைத்துவிட்டோம். உடைந்த கால் சேர எட்டு மாதம் பிடித்தது. இந்த வகை முறிவு ஆறுவதும் மெதுவாகத்தான்.

போன மாதம் வாக்கரை விட்டுவிட்டு வந்தார். கூடவே தங்கை. அவர் கையில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் அதே ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அட்டைகள்.

"இவளுக்கு ஏழு வருஷம் ஆச்சு டாக்டர். வலி ஒண்ணும் இல்லைங்கிறா. நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

இரண்டு தொடையும் சுத்தமாக இருந்தன. மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லி, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.