கதவு தரையில் உரசினால் உடனே இழைக்காதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் அழைப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, கதவு ஊதிப்போச்சு, தரையில உரசுது, வந்து கொஞ்சம் இழைச்சு விடுங்க." போய்ப் பார்த்தால் பல வீடுகளில் குற்றவாளி மழை அல்ல, மேல் கீல். அதன் ஸ்க்ரூக்கள் நிலையை, அதாவது கதவு மாட்டியிருக்கும் மரச்சட்டத்தை, விட்டு வெளியே வந்திருக்கும். அந்த நேரத்தில் கதவை இழைத்துவிட்டால், பிறகு கீலைச் சரிசெய்யும்போது கீழே பெரிய இடைவெளி விழுந்துவிடும். இழைத்த மரம் திரும்ப வராது.

நீங்களே சோதிக்கலாம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். மேல் கீல் அசைந்தால் ஸ்க்ரூதான் காரணம்.

கதவின் எடை கீழ்க் கீலை நிலையோடு அழுத்தும், மேல் கீலை நிலையிலிருந்து பிடுங்கும். அதனால்தான் முதலில் விடுவது மேல் கீல். எங்கள் தொழிலிலும் ஒரு தவறு நடக்கிறது. அவசரத்தில் ஸ்க்ரூவைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசியில் இரண்டு சுற்று மட்டும் முறுக்குவார்கள். மரத்தின் நார் அப்போதே கிழிந்துவிடுகிறது. அப்புறம் பிடிமானம் எங்கிருந்து வரும்?

லூசான ஓட்டையில் இன்னும் தடிமனான ஸ்க்ரூவைப் போடாதீர்கள். நிலை பிளந்துவிடலாம், ஸ்க்ரூவின் தலையும் கீலில் சரியாக உட்காராது. கதவுக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஓட்டையில் ஃபெவிகால் விட்டு, மூங்கில் குச்சியையோ தேக்குச் சீவலையோ இறுக்கமாக அடித்து நிரப்புங்கள். தீக்குச்சி அவசரத்துக்கு ஆகும், ஆனால் மென்மையான மரம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வெளியே நீட்டியதைச் சீவிவிடுங்கள். 8-ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை போட்டு, கையாலேயே முறுக்குங்கள். குளியலறைக் கதவானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவே போடுங்கள்.

தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வீட்டில் மூன்று கீல்களில் இரண்டு விட்டுப்போய், 40 கிலோ அளவுள்ள தேக்குக் கதவு ஒற்றைக் கீலில் நின்றது. அதன் கீழே குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. முதலில் குழந்தையைத் தூக்கி நகர்த்திவிட்டுத்தான் பையைத் திறந்தேன்.

ஓட்டையை நிரப்பும் முன் உள்ளே ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். மாவில் இறங்குவதுபோல இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது, அல்லது கரையான் தின்றிருக்கிறது. அங்கே எந்தப் பசையும் நிற்காது. அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புது மரம் பொருத்த ஆசாரியைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்தக் கதவைக் கழற்றிச் சுவரோரம் படுக்க வையுங்கள்.