நோட்டரி முத்திரை எதற்குச் சாட்சி? விசா ஆவணங்களுக்குச் சான்று பெறுவோர் அறிய வேண்டியவை

ஆவணங்களுக்குச் சான்றளிக்க அரசு நியமித்த நோட்டரி நான். சனிக்கிழமை மாலைகளில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலருடைய கையில் ஜெராக்ஸ் மட்டும்தான் இருக்கும். "அசல் ஊர்ல பெட்டிக்குள்ள இருக்கு சார், உசிலம்பட்டி போயிட்டு வர நேரமில்ல, திங்கக்கிழமை அப்லோடு பண்ணணும், ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுத்துருங்க" என்பார்கள். நான் மறுத்துவிடுவேன். சிலர் வருத்தப்படுவார்கள், சிலர் வேறு இடம் தேடிப் போவார்கள். மதுரை மாவட்ட நீதிமன்றத்தைச் சுற்றி அப்படிப் போட்டுத் தருகிறவர் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த முத்திரையை நம்பி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பிறகு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நகல் ஒன்றில் நோட்டரி கையெழுத்திடுகிறார் என்றால், "அசலை நான் என் கண்ணால் பார்த்தேன், இந்த நகலை அதனுடன் ஒப்பிட்டேன், இரண்டும் ஒன்றாக இருந்தன" என்று அவர் சாட்சி சொல்கிறார் என்று பொருள். அதற்கு மேல் அந்த முத்திரை எதையும் சொல்வதில்லை. ஆவணத்தில் உள்ள செய்தி உண்மை என்றோ, அதை வழங்கிய அலுவலர் சரியாகத்தான் வழங்கினார் என்றோ அது உறுதியளிப்பதில்லை. அசலையே பார்க்காமல் போட்ட முத்திரை பொய்ச் சாட்சி. அதைப் பயன்படுத்துகிற விண்ணப்பதாரரும் அந்தப் பொய்யில் பங்காளி ஆகிவிடுகிறார். நோட்டரிகள் சட்டம் 1952-இல் வந்தது, அதற்கான விதிகள் 1956-இல் வந்தன. அந்த விதிகளின்படி எங்கள் முத்திரை ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக இருக்க வேண்டும். பெயர், பணிபுரியும் எல்லை, பதிவு எண், நியமித்த அரசு ஆகியவை அதில் இருக்க வேண்டும். செய்கிற ஒவ்வொரு வேலையையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆகவே, சான்று வாங்கும்போது முத்திரையைப் படித்துப் பாருங்கள். பதிவேட்டில் உங்கள் ஆவணம் வரிசை எண்ணுடன் ஏறியதா என்று தயங்காமல் கேளுங்கள். பதிவேட்டையே எடுக்காமல் முத்திரை மட்டும் விழுந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுவதே நல்லது.

பச்சை மையில் ஓர் அரசு அலுவலர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளூர் வேலைகளுக்குப் பெரும்பாலும் இப்போது சுயசான்றொப்பமே போதுமானதாகிவிட்டது. வெளிநாட்டுத் தூதரகங்களோ யார் சான்று தரலாம் என்பதைத் தாங்களே வரையறுக்கின்றன. கனடாவுக்கான நகலில் அசல் ஆவணத்தின் பெயர், சான்றளித்த தேதி, சான்றளித்தவரின் பெயர், பதவி, கையெழுத்து, "இது அசலின் உண்மை நகல்" என்ற வாசகம் ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். ஆவணத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தாலும் அந்தப் பக்கத்தையும் நகல் எடுக்க வேண்டும்; பல தாள்கள் என்றால் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வேண்டும்.

நம் ஆவணத்தை வெளிநாடுகள் ஏற்பதற்கான 'அபோஸ்டில்' என்ற சான்று பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேவையில்லாமல் அதிகப் பணம் செலவாவது இதில்தான். அதற்கான 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர் 2021-இலும், சவூதி அரேபியா 2022-இலும், கனடா 2024 ஜனவரியிலும் அதற்குள் வந்தன. மாநில அரசின் உரிய துறை மேலொப்பமிட்ட பின், வெளியுறவு அமைச்சகம் ஆவணத்தின் பின்புறம் ஒட்டித் தருகிற வில்லைதான் அபோஸ்டில். அதுவும் கையெழுத்தும் முத்திரையும் மெய்யானவை என்று மட்டுமே சொல்கிறது, உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. சாதாரணச் சுற்றுலா விசாவுக்கு இது பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. முகவர் சொன்னார் என்பதற்காகக் கட்டணம் கட்டாமல், அந்த நாட்டின் ஆவணப் பட்டியலை முதலில் நீங்களே படியுங்கள். பிறப்புச் சான்றையும் பட்டத்தையும் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்துவிடாதீர்கள். வில்லை ஒட்டும்போது அது பெரிய இடைஞ்சல்.

இனி, என்னை மிகவும் கவலைப்படுத்துகிற மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். நம் பட்டா, சாதிச் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, பழைய பள்ளி மாற்றுச் சான்று எல்லாம் தமிழில் இருப்பவை. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒருவர், மகனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புவதற்காக, ஒரு டைப்பிங் கடையில் மொழிபெயர்த்த பட்டாவுடன் என்னிடம் வந்தார். பட்டாவில் நன்செய்க் கட்டத்தின் கீழ், ஹெக்டேர்–ஏர் என்ற தலைப்பில், "0 – 40.50" என்று இருந்தது. அடுத்த கட்டத்தில் ரூபாய்–பைசாவில் தீர்வை. மொழிபெயர்ப்பில் அது நாற்பதரை ஏக்கர் ஆகியிருந்தது! ஓர் ஏர் என்பது நூறு சதுர மீட்டர். நாற்பதரை ஏர் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய நூறு சென்ட், அதாவது ஒரே ஓர் ஏக்கர். அவருக்கு ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. ஆங்கிலத்தில் இருந்ததை அவரால் படிக்கவே முடியவில்லை. ஆனால் பட்டாவை அதன் எண்ணைக் கொண்டு இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பதால், அங்கே உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்கு இது ஒரு விவசாயியின் சொத்தை நாற்பது மடங்கு உயர்த்திக் காட்டிய ஆவணமாகத்தான் தெரியும். ஏமாற்று என்று முடிவானால் இங்கிலாந்தில் பத்து ஆண்டுகள் வரைக்கும், கனடாவில் ஐந்து ஆண்டுகளுக்கும், ஆஸ்திரேலியாவில் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கும் கதவு அடைபடும். ஓர் எழுத்தை அவசரத்தில் மாற்றிப் படித்ததற்கு அந்தப் பையன் கொடுக்க இருந்த விலை அது.

ஆகவே மொழிபெயர்ப்பை வாங்கியதும், ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் தேதியையும் வரிவரியாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். முத்திரையில் உள்ள எழுத்துகளும் ஓரக் குறிப்புகளும்கூட மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். சுருக்கி எழுதியது மொழிபெயர்ப்பு ஆகாது. இங்கிலாந்துக்கு மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், இது துல்லியமான மொழிபெயர்ப்பு என்ற உறுதி ஆகியவை வேண்டும். அமெரிக்கக் குடியேற்றத் துறை, முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்தேன், அதற்கான மொழித் தகுதி எனக்கு உண்டு என்று மொழிபெயர்ப்பாளரே எழுதித் தரக் கேட்கிறது. கனடாவுக்கு, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் இணைய வேண்டும். குடும்பத்தினர் மொழிபெயர்க்கவே கூடாது, அவர் வழக்கறிஞராகவே இருந்தாலும் சரி.

பணத்துக்கான ஆவணங்களில் இரண்டு மட்டும். இங்கிலாந்து மாணவர் விசாவுக்குத் தேவையான தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் நகையை அடகு வைத்துப் போட்ட பணம் உதவாது. பட்டயக் கணக்காளரிடம் நிகர மதிப்புச் சான்று வாங்கினால் அதில் பதினெட்டு இலக்க யுடின் (UDIN) எனும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி முதல் அது கட்டாயம், அதை எவரும் இணையத்தில் சரிபார்க்க முடியும்.

பெயர்ச் சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை விரித்து எழுத வேண்டும். பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். முத்துலட்சுமி என்ற ஒரே பெயரில் 'டி'க்குப் பின் 'எச்' ஓர் ஆவணத்தில் இருக்கும், இன்னோர் ஆவணத்தில் இருக்காது. இது போதாதென்று உசிலம்பட்டி, கருமாத்தூர்ப் பக்கம் குலசாமி பெயராக ஒச்சாயி, பேச்சியம்மாள் என்று வைத்து அழைத்துவிட்டு, பள்ளியில் வேறொரு பெயரைக் கொடுத்திருப்பார்கள். பிள்ளையின் பிறப்புப் பதிவில் தாயின் பெயராக ஏறியிருப்பதோ வீட்டில் அழைத்த பெயர்.

இதற்கெல்லாம் "இரண்டு பெயரும் நான்தான்" என்று ஓர் அபிடவிட் எழுதி நோட்டரி போட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. எழுத்துக்கூட்டில் சிறிய வேறுபாடு என்றால் அது உதவும். முற்றிலும் வேறான பெயர் என்றால், சொல்கிறவர் நீங்களே என்பதால், அந்தப் பத்திரத்துக்கு அதிக எடை கிடையாது. பிழை எங்கே பிறந்ததோ அங்கேயே அதைத் திருத்த வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 15-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது: பழைய பதிவை அழிக்காமல், பதிவாளர் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, கையெழுத்தும் தேதியும் இடுவார். விவரம் தெரிந்த நம்பத்தகுந்த இருவரின் உறுதிமொழி கேட்கப்படும். பதிவே இல்லாத பழைய பிறப்புகளுக்கு, பதிவு இல்லை என்ற சான்றை முதலில் பெற்று, பள்ளிச் சான்றையும் மூத்த உறவினரின் உறுதிமொழியையும் அதனுடன் இணைப்பது முறை. இதற்கு வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்களும் ஆகும் என்பதால், டிக்கெட் போடுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

கனடாவில் இருக்கிற மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டிய ஓர் அம்மா, இப்படித்தான் மகளின் பிறப்புச் சான்றில் தாயின் பெயர் வேறாக இருக்க, என்னிடம் வந்தார். அபிடவிட்டே போதும் என்று அவருடைய மருமகன் போனில் வாதாடினார். அந்த அம்மாவோ, "திருத்தியே கொண்டாரேன் சார், பேரப்பிள்ளையப் பாக்கப் போறப்ப பொய்க் காகிதத்தோட போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு வாரம் கழித்து, ஓரத்தில் நீல மையில் திருத்தம் எழுதிய பதிவின் சான்றிட்ட நகலையும் புதிய சான்றிதழையும் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். ஒப்பிட்டுக் கையெழுத்திட்டேன். பதிவேட்டில் அவர் பெயரை எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதினார், பாஸ்போர்ட்டில் இருந்த அதே பெயரை.