எல்லாத்துக்கும் 4: காலேஜ் ஃபீட்பேக் ஃபார்ம் உண்மையில எத அளக்குது?

கடலூர்லேர்ந்து பாண்டிக்கு பஸ்ல போய் ஒரு காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்குறவன் நான். போன செமஸ்டர் கடைசியில முன்சீட்டு பையன் மொபைல்ல, டீச்சருங்களுக்கு 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க் போடுற ஃபீட்பேக் ஃபார்ம் ஃபில் பண்ணிட்டிருந்தான், கட்டைவிரல் ஒரே நேர்கோட்டுல இறங்குது, எல்லாத்துக்கும் 4, ரெட்டிச்சாவடியில ஆரம்பிச்சது கிருமாம்பாக்கம் வர்றதுக்குள்ள எல்லா டீச்சரும் முடிஞ்சாச்சு. ஃபில் பண்ணலன்னா ஹால் டிக்கெட் இல்லன்னா வேற எப்படி பண்ணுவான்?

அப்புறம் அத கூட்டி சராசரி போட்டு எங்க கையில குடுப்பாங்க. இங்கதான் கோளாறே. 20 பேர்ல 10 பேர் 5, 10 பேர் 1 போட்டா சராசரி 3. இருபது பேருமே 3 போட்டாலும் அதே 3 தான். முதல் க்ளாஸ்ல பாதி பேருக்கு சுத்தமா புரியல, ரெண்டாவதுல எல்லாருக்கும் சுமாரா புரிஞ்சிருக்கு, ஆனா பேப்பர்ல ரெண்டு வாத்தியாரும் ஒண்ணு. யார் எத்தன போட்டாங்கன்னு அப்படியே பிரிச்சி காட்டுனாலே போதும், காட்ட மாட்டாங்க.

சரி, அந்த நம்பர் எத அளக்குது? 1970ல அமெரிக்காவுல ஒரு நடிகர 'டாக்டர் ஃபாக்ஸ்'னு பேர் வெச்சி, படிச்ச டாக்டர்ங்க, சைக்காலஜிஸ்டுங்க முன்னாடி கேம் தியரிங்கற கணக்குத் துறை பத்தி லெக்சர் குடுக்க வெச்சாங்க. ஜோக்கு, முன்னுக்குப் பின் முரணான பேச்சு, சரக்கு ஒண்ணும் கிடையாது, ஆனா ஃபீட்பேக் பிரமாதம். ஜெர்மனியில மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ்ல சில க்ரூப்புக்கு மட்டும் சாக்லேட் குக்கீஸ் வெச்சாங்க, தின்னவங்க டீச்சருக்கும் பாடத்துக்கும் கூடவே மார்க் போட்டாங்க (2018ல வந்த ஆய்வு, நம்ம ஊர்ல சமோசா வெச்சா இன்னும் ஏறும்).

எனக்கு ரொம்ப உறைச்சது அமெரிக்க ஏர்ஃபோர்ஸ் அகாடமி டேட்டாதான். அங்க யாருக்கு எந்த வாத்தியார்னு குலுக்கல் மாதிரி விழும், பரீட்சை எல்லாருக்கும் ஒண்ணே. 10,000 பேருக்கு மேல பாத்து 2010ல கேரல், வெஸ்ட்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எழுதுனாங்க: கால்குலஸ்ல அந்த பரீட்சைக்கு பசங்கள நல்லா தயார் பண்ணுன வாத்தியாருங்களுக்கு ரேட்டிங்கும் நல்லா வந்துச்சு, ஆனா அவங்க பசங்க அடுத்து வர்ற கோர்ஸ்ல பின்தங்கிட்டாங்க. ஆழமா நடத்துனா மண்டை காயும், காயுற நேரத்துல பாத்து ஃபார்ம குடுத்தா வேற என்ன டிக் அடிப்பாங்க?

அதுக்காக பசங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு இல்ல. கண்ணால பாத்தத கேக்கணும். காலேஜுங்களோட தரத்த மதிப்பிடுற நாக் (NAAC) அமைப்பு பசங்ககிட்ட எடுக்குற சர்வேயில முதல் கேள்வியே சிலபஸ் எவ்ளோ முடிச்சாங்கன்னுதான், அது நல்ல கேள்வி, அத பசங்களால சொல்ல முடியும். 'ஆசிரியருக்கு பாட அறிவு இருக்கா'ன்னா அவன் எப்படி சொல்வான் பாவம்.

நான் இப்பல்லாம் செமஸ்டர் பாதியிலயே ஆளுக்கு ஒரு துண்டு பேப்பர் குடுத்துடுறேன், பேர் வேணாம், எங்க புரியல, அவ்ளோதான். முதல் தடவ பாதி பேர் ஒரே விஷயத்த எழுதியிருந்தாங்க: "சார் போர்ட உடனே அழிச்சிடுறீங்க." பல வருஷ ஃபார்ம்ல இது வரவே இல்ல. இப்ப டஸ்டர எடுத்துட்டு ஒரு தடவ திரும்பி பாக்குறேன், கடைசி பெஞ்சுல எவனாவது ஒருத்தன் இன்னும் எழுதிட்டுதான் இருக்கான்.