நூல்ல தொங்கின சர்ச்

கம்ப்யூட்டர்லயே மொத்த பில்டிங்கையும் சுத்திப் பாத்துடலாமே, அப்புறம் எதுக்கு பில்டிங் மாடல் செய்ய இந்த அட்டை, பசை, கத்தரினு உக்காந்துட்டு இருக்கீங்கனு கேக்குறவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது கௌடிங்கிற கட்டிடக் கலைஞரோட நூல் மாடல் பத்திதான்.

பார்சிலோனா பக்கத்துல கொலோனியா குவேல்னு ஒரு இடம், அங்க கட்டவேண்டிய சர்ச்சுக்காக ஆன்டோனி கௌடி 1:10 ஸ்கேல்ல நூலா தொங்கவிட்டு, எங்கெங்க எவ்ளோ பாரம் வருமோ அதுக்கேத்த மாதிரி குட்டிக்குட்டிப் பையில ஈயக்குண்டு போட்டுக் கட்டி, கிட்டத்தட்ட 10 வருஷம் அதோடயே இருந்தார். அதை போட்டோ எடுத்து தலைகீழா திருப்பினா சர்ச்சோட வடிவம் அப்படியே நிக்கும்! (கடைசில கீழ்ப்பகுதி மட்டும்தான் கட்டி முடிஞ்சுது, எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.)

இது எப்படி வேலை செய்யுதுன்னா, தொங்குற நூலை இழுக்கத்தான் முடியும், அமுக்க முடியாது, அதனால அது பாரத்துக்கு ஏத்த வளைவுக்குத் தானா போய் நின்னுடும். அதே வளைவைக் கவுத்துட்டா இழுவிசை எல்லாம் அமுக்குவிசையா மாறிடும், கல்லும் செங்கல்லும் நல்லா தாங்குறது அதைத்தானே, இழுத்தாதான் விரிசல் விடும். ராபர்ட் ஹூக்ங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி 1670கள்லயே இதைப் புடிச்சிட்டார். கௌடி ஒரு முடிச்சை நகர்த்தினா மொத்த வலையும் அசைஞ்சு புது வடிவத்துக்கு வந்துடும், கணக்கு போடுறது புவியீர்ப்பு.

ரூமுக்குள்ள வெளிச்சம் எப்படி விழும்னும் இதே மாதிரி மாடல்லயே பாத்துடலாம். ஒளியோட அலைநீளம் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல, அதுக்கு அட்டை ரூமும் நிஜ ரூமும் ஒண்ணுதான். உள்சுவருக்கு சரியான கலர் குடுத்து, மூலைல வெளிச்சம் கசியாம கருப்பு டேப் ஒட்டி, வெளில வெச்சு ஓட்டை வழியா போன் கேமராவ நுழைச்சுப் பாருங்க, ஜன்னலை கொஞ்சம் மேல ஏத்தினா பின்சுவர் எவ்ளோ பளிச்சுனு ஆகுதுனு அங்கயே தெரியும்.

ஆனா பலத்தை மட்டும் மாடல்கிட்ட கேக்காதீங்க. 10 மடங்கு பெருசாக்கினா எடை 1000 மடங்கு ஏறும், தூணோட குறுக்குவெட்டுப் பரப்பு 100 மடங்குதான் ஏறும், அப்போ தூண் மேல அழுத்தம் 10 மடங்கு ஆயிடும், மேஜைல ஜம்முனு நிக்கிற மெல்லிசு தூண் நிஜத்துல நொறுங்கிப் போகலாம். கௌடியோட நூல் தப்பிச்சது எப்படின்னா, அது வடிவத்தை மட்டும்தான் சொல்லுது, எல்லாப் பாரமும் ஒரே விகிதத்துல ஏறினா அந்த வளைவு மாறவே மாறாது.