சேவைசார் கட்டமைப்புக்கு மாறும் முன் கேட்க வேண்டிய கேள்வி

சேவைசார் கட்டமைப்புக்கு மாறுவது, அதாவது மென்பொருளின் வேலைகளைப் பிற நிரல்கள் நெட்வொர்க் வழியாக அழைத்துப் பயன்படுத்தும் தனித்தனிச் சேவைகளாகப் பிரிப்பது, என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்தவுடன் கூடும் முதல் கூட்டத்தில் பெரும்பாலும் எந்த மென்பொருளை வாங்குவது என்ற பேச்சே மேலோங்கி நிற்கிறது. எந்த எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் (சேவைகளுக்கிடையே செய்திகளைக் கொண்டு செல்லும் மென்பொருள்), எந்த ஏபிஐ கேட்வே (சேவைகளுக்கு வரும் அழைப்புகளை ஏற்கும் நுழைவாயில் மென்பொருள்), உரிமக் கட்டணம் எவ்வளவு என்று ஒப்பீட்டு அட்டவணைகள் மேசைக்கு வந்துவிடுகின்றன. இத்தகைய மாற்றங்களில் பல ஆண்டுகளாக வடிவமைப்பாளராகப் பணியாற்றி வரும் நான் அந்தக் கூட்டத்தில் கேட்பது வேறொன்று: வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்தும் அதிகாரம் உங்கள் நிறுவனத்தில் எந்தத் துறைக்கு உரியது? இதற்குத் தயங்காமல் ஒரே பதில் கிடைத்த கூட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

வாடிக்கையாளரோடு அன்றாடம் பேசுகிறவர்கள் நாங்கள்தான் என்று விற்பனைத் துறை சொல்லும். இன்வாய்ஸில் தவறான முகவரி இருந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் என்று கணக்குத் துறை சொல்லும். சரக்கு போய்ச் சேராவிட்டால் வசை வாங்குவது நாங்கள் என்று விநியோகத் துறை சொல்லும். மூன்றும் உண்மை, மூவரிடமும் தனித்தனி மென்பொருளும் தனித்தனி முகவரி அட்டவணையும் இருப்பதும் உண்மை. இந்தக் கேள்விக்கு விடை காணாமல் எத்தனை சேவைகளை எழுதினாலும், பழைய குழப்பத்துக்குப் புதிய வாசல்களைத் திறந்துவிட்டதாகவே அது முடிகிறது என்பதை வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சேவைசார் கட்டமைப்பு என்ற சொல் 1996இல் கார்ட்னர் என்ற தகவல் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. வெவ்வேறு கணினிகளில் இயங்கும் நிரல்கள் ஒன்றையொன்று அழைப்பதற்கான கோர்பா என்ற தரம் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1991இல், வெளிவந்துவிட்டது. 1998இல் தரவை எழுதும் வடிவமான எக்ஸ்எம்எல், 2000இல் செய்தி பரிமாறும் முறையான சோப் 1.1, 2001இல் சேவையை விவரிக்கும் மொழியான டபிள்யூஎஸ்டிஎல் 1.1 என்று தரங்கள் அடுத்தடுத்து வந்தபோது, கருவிகள் தயாராகிவிட்டன, கட்டமைப்பும் தானாக வந்துவிடும் என்று துறை முழுவதும் நம்பியது. உலகிலுள்ள சேவைகளையெல்லாம் பதிவு செய்து, வேண்டியவர் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி ஆகியவை நடத்திய யுடிடிஐ பொதுப் பதிவேடுகள் 2006 ஜனவரியில் மூடப்பட்டன. முன்பின் அறியாத ஒருவரின் சேவையைப் பட்டியலில் பார்த்துத் தன் வணிகத்தோடு இணைத்துக்கொள்ளும் துணிவு எந்த நிறுவனத்துக்கும் எளிதில் வராது என்பதை அந்த முயற்சி கணக்கில் கொள்ளவில்லை என்பது என் கருத்து. அதே 2006இல், தரங்களை வகுக்கும் ஒயாசிஸ் அமைப்பு சேவைசார் கட்டமைப்புக்காக வெளியிட்ட குறிப்பு மாதிரியின் (reference model) வரையறையோ கருவிகளைப் பற்றிப் பேசவே இல்லை. வெவ்வேறு உரிமையாளர்களின் கட்டுப்பாட்டில் இருக்கக்கூடிய, பரவிக் கிடக்கும் திறன்களை ஒழுங்குபடுத்திப் பயன்படுத்தும் முறை என்றே சேவைசார் கட்டமைப்பை அது விளக்குகிறது. அந்த வரையறையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் சொல் உரிமையாளர் என்பதே.

நான் நேரில் கண்ட ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் விற்பனை மென்பொருளின் முகவரிப் புலம் 60 எழுத்துகளை ஏற்கும். விநியோக மென்பொருளின் புலம் 40 எழுத்துகளையே ஏற்கும். ஒவ்வோர் இரவும் ஒரு கோப்பு முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும். அதைப் படித்த நிரல், 40க்கு மேற்பட்ட எழுத்துகளை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். முகவரியின் இறுதியில் அடுக்ககத்தின் பெயரும் வீட்டு எண்ணும் எழுதும் பழக்கமுள்ள வாடிக்கையாளர்களுக்கு வீட்டு எண் இல்லாத முகவரிச்சீட்டுடன் பொட்டலங்கள் போய்க்கொண்டிருந்தன. சரக்கு கொண்டு சென்றவர்கள் வாசலில் நின்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டுக் கொடுத்து வந்ததால் பல மாதங்களுக்கு இது எவருடைய அறிக்கையிலும் ஏறவில்லை.

இதைச் சரிசெய்ய அந்நிறுவனத்தார் முதலில் செய்தது, மூன்று தரவுத்தளங்களுக்கும் முன்னால் மூன்று வெப் சர்வீஸ்களை (நெட்வொர்க் வழியே கேட்டால் பதில் தரும் நிரல்களை) நிறுத்தியதுதான். முகவரியைக் கேட்டால் மூன்றும் முறையாக எக்ஸ்எம்எல் வடிவில் மூன்று வெவ்வேறு பதில்களைத் தந்தன. பிறகுதான் துறைத் தலைவர்களை ஒன்றாக உட்கார வைத்து, முகவரியைத் திருத்தும் உரிமை வாடிக்கையாளர் சேவை என்ற ஒரே மென்பொருள் சேவைக்கு உரியது, மற்ற மென்பொருள்கள் அதனிடம் கேட்டுப் பெறலாம், அல்லது மாற்றம் நிகழும்போது வரும் அறிவிப்பைக் கொண்டு படிப்பதற்கு மட்டுமான ஒரு நகலை வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் முடிவு செய்தோம். அந்த முடிவுக்கு ஆறு வாரங்கள் பிடித்தன. நிரல் எழுத மூன்று வாரங்களே ஆயின. இந்த விகிதத்தை நிர்வாகத்தினர் முன்கூட்டியே அறிந்திருந்தால் திட்ட அட்டவணையை வேறு விதமாகப் போட்டிருப்பார்கள்.

உரிமையை எழுத்தில் தந்துவிட்டு, தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை எல்லோரிடமும் விட்டுவைப்பது அடுத்த பிழை. ஒரு சேவையின் அட்டவணைகளை அச்சேவை மட்டுமே தொட வேண்டும். அவசர அறிக்கைக்காக வேறொரு குழு அந்த அட்டவணையை நேரடியாகப் படிக்கத் தொடங்கிவிட்டால், ஒரு புலத்தின் பெயரை மாற்றும் சுதந்திரத்தைக்கூட அதன் உரிமையாளர் அன்றே இழந்துவிடுகிறார். இரண்டு நிரல்கள் மட்டுமே நேரடியாகப் படிக்கின்றன என்று எங்களிடம் உறுதியாகச் சொல்லப்பட்ட ஓர் இடத்தில், வார இறுதியில் தரவுத்தளத்தின் மற்ற பயனர் கணக்குகளின் அனுமதியை நீக்கிப் பார்த்தோம். திங்கட்கிழமை நண்பகலுக்குள், எந்தப் பட்டியலிலும் இல்லாத மேலும் ஏழு நிரல்கள் நின்றுபோனதாகப் புகார்கள் வந்து சேர்ந்தன. அன்று பட்ட சிரமம் பெரிதுதான். ஆயினும் அவற்றை அன்று கண்டுபிடித்ததே நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.

சேவையின் அளவு குறித்தும் சொல்ல வேண்டும். ஒரே நிரலுக்குள் ஒரு செயற்கூற்றை அழைப்பதும் நெட்வொர்க்கைக் கடந்து மற்றொரு சர்வரை அழைப்பதும் நிரலில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். உண்மையில் அவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கான மடங்கு வேக வேறுபாடு உண்டு. நெட்வொர்க் ஒருபோதும் தவறாது, தாமதம் என்பதே கிடையாது என்றெல்லாம் நிரலர்கள் கொள்ளும் தவறான நம்பிக்கைகளை சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய பீட்டர் டாய்ச் 1994ஆம் ஆண்டு வாக்கிலேயே பட்டியலிட்டார். ஆயினும் 200 ஆர்டர்களைக் காட்டும் ஒரு திரை, ஒவ்வொரு வரிக்கும் வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு முறையும் இருப்பு நிலவரத்துக்கு ஒரு முறையும் சேவையை அழைக்குமாறு எழுதப்படுவதை இன்றும் காண்கிறேன். ஓர் அழைப்புக்கு 20 மில்லிவினாடி என்று வைத்தாலும் 400 அழைப்புகளுக்கு 8 வினாடிகள் ஆகின்றன. 200 எண்களையும் ஒரே கோரிக்கையில் அனுப்பிப் பெறும் வகையில் சேவையை வடிவமைத்திருந்தால் இரண்டு அழைப்புகளில் வேலை முடிந்திருக்கும்.

சேவைகள் இயங்கும் நேரத்தின் கணக்கு இன்னும் கவலை தருவது. ஒரு சேவை 99.5 விழுக்காடு நேரம் இயங்குகிறது என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 மணி நேரம் அது நின்றிருக்கும். ஓர் ஆர்டரை முடிக்க இத்தகைய ஆறு சேவைகள் ஒரே நேரத்தில் இயங்கியாக வேண்டும் என்றும், அவை ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே பழுதாகும் என்றும் கொண்டால், ஆறும் சேர்ந்து இயங்கும் நேரம் 97 விழுக்காடாகக் குறைந்து, நின்றிருக்கும் நேரம் ஏறக்குறைய 259 மணியாகிறது. உடனடிப் பதில் தேவைப்படாத வேலைகளை மெசேஜ் க்யூவின் வழியாக அனுப்புவது இந்தச் சங்கிலியை வெட்டுவதற்கான நம்பகமான வழி. இன்வாய்ஸ் அச்சிடும் சேவை அரை மணி நேரம் நின்றிருந்தால் செய்திகள் வரிசையில் காத்திருக்கட்டும். அதற்காக ஆர்டர் எடுப்பது நிற்க வேண்டியதில்லை.

பதில் வராதபோது மீண்டும் அழைக்கும் பழக்கத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்தை ஒவ்வொரு குழுவும் ஒருமுறை அனுபவித்தே கற்றுக்கொள்கிறது. அந்த அனுபவம் பிறருக்கு வராமலிருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில், சப்ளையர்களுக்குப் பணம் அனுப்பும் சேவையை அழைத்த நிரலின் டைம்அவுட், அதாவது பதிலுக்கு அது காத்திருக்கும் நேரம், 30 வினாடிகள். மாத இறுதிச் சுமையில் அந்தச் சேவை 31ஆம், 32ஆம் வினாடிகளில் வேலையை முடித்துக்கொண்டிருந்தது. அழைத்த நிரலோ, பதில் வரவில்லை, ஆகவே பணம் போகவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் அனுப்பியது. இருமுறை பணம் பெற்ற சப்ளையர் ஒருவர் தாமே அழைத்துத் தெரிவித்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. பதில் வராமை என்பதற்கு வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. நடந்ததா இல்லையா என்று தெரியவில்லை என்பதே பொருள். இதற்குத் தீர்வு எளியது: அழைப்பவர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் ஒன்றை இட வேண்டும், சேவை அந்த எண்ணைப் பதிந்து வைத்து, அதே எண் மறுபடி வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தர வேண்டும். மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால் அடியில் இருக்கும் சேவைக்கு 27 அழைப்புகள் வந்து விழும் என்பதால், மறுமுயற்சியை ஒரே அடுக்கில் மட்டும் வைத்து, ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதும் அவசியம்.

பல சேவைகளைத் தொடும் ஒரு வேலை பாதியில் நின்றால் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ரோல்பேக் செய்ய, அதாவது பழைய நிலைக்குத் திருப்ப, இயலாது. நீண்ட பரிவர்த்தனைகளைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்படி ஒன்றை வைக்கும் சாகா என்ற முறையை ஹெக்டர் கார்சியா-மொலினா, கென்னத் சேலம் இருவரும் 1987இல் முன்வைத்தனர். பணம் வராத ஆர்டருக்கு ஒதுக்கிய சரக்கை எத்தனை மணி நேரம் வைத்திருப்பது என்பது போன்ற முடிவுகள் இம்முறையில் எழும். அவற்றை வணிகத் துறைதான் எடுக்க வேண்டும். நிரலர் தாமாக ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போகக்கூடாது.

எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் பற்றி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். செய்தியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கவும் வடிவத்தை மாற்றவும் அது பயனுள்ள கருவி. தள்ளுபடி விதிகளும் வரிக் கணக்கும் அதற்குள் குடியேறத் தொடங்கினால், எந்தச் சிறு மாற்றத்துக்கும் எல்லாக் குழுக்களும் பஸ்ஸைப் பராமரிக்கும் ஒரே குழுவின் முன் வரிசையில் நிற்க வேண்டியதாகிவிடும். ஓர் அமைப்பு வடிவமைக்கும் மென்பொருள் அவ்வமைப்பின் தகவல் தொடர்பு முறையையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதியதன் தெளிவான சான்று இது.

ஒரு சேவை எதைப் பெற்று எதைத் தரும் என்று வரையறுக்கும் ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்ப்பது பாதுகாப்பானது, நீக்குவதே ஆபத்தானது என்ற பொது விதி பெரும்பாலும் சரி. விதிவிலக்கு ஒன்றை நான் கண்டிருக்கிறேன். ஆர்டரின் நிலை திறந்தது, அனுப்பப்பட்டது, ரத்தானது என்று மூன்று மதிப்புகளோடு இருந்த ஒரு சேவையில், பகுதி அனுப்பப்பட்டது என்று நான்காவது மதிப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அழைத்த நிரல்களில் ஒன்று, முதல் இரண்டும் இல்லையென்றால் ரத்து என்று எழுதப்பட்டிருந்தது. அது பாதி சரக்கு போய்ச் சேர்ந்த ஆர்டர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பியளிக்கத் தொடங்கியது. தெரியாத மதிப்பு வந்தால் நிறுத்தி மனிதரிடம் அனுப்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, சோதனையிலும் சேர்க்க வேண்டும் என்று அதன் பிறகு எல்லாத் திட்டங்களிலும் வற்புறுத்தி வருகிறேன். ஒரு கோரிக்கை கடந்து செல்லும் எல்லாச் சேவைகளின் லாக்கிலும் (செயற்பதிவிலும்) ஒரே தொடர்பு எண் பதியப்பட வேண்டும் என்பதும் முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை. அந்த எண் இல்லாததால், மேற்சொன்ன தவறு எங்கே தொடங்கியது என்று கண்டறிய நான்கு பேருக்கு இரண்டு நாட்கள் ஆயின.

2009 ஜனவரியில் ஆய்வாளர் ஆன் தாமஸ் மேன்ஸ், சேவைசார் கட்டமைப்பு இறந்துவிட்டது, ஆனால் சேவைகள் வாழ்கின்றன என்ற பொருள்பட எழுதினார். 2014 முதல், மென்பொருளைச் சிறு சிறு சேவைகளாகப் பிரிக்கும் முறைக்கு மைக்ரோசர்வீஸ் என்ற பெயர் பரவலானது. பெயர் எதுவாயினும் மேலே சொன்ன இடர்கள் அப்படியே தொடர்கின்றன. சேவைகளின் எண்ணிக்கை கூடக் கூட அவையும் கூடுகின்றன. ஒரே குழு பராமரிக்கும் ஒரே மென்பொருளை, நன்றாக இயங்கும் நிலையில், பெயருக்காகப் பிரிக்க வேண்டாம் என்று நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஒரு சேவையைத் தொடங்கும்போது அதன் பழைய பதிப்பை எப்படி மூடுவது என்பதையும் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஒரு சேவையின் முதல் பதிப்பை மூடும் முன் மூன்று மாத லாக்கை வரிவரியாகப் பார்த்தோம். ஓர் அழைப்புகூட இல்லை. மூடிவிட்டோம். கணக்கு ஆண்டு முடிந்த இரவில், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே ஓடும் கணக்கு முடிப்பு நிரல் ஒன்று அந்தப் பழைய பதிப்பைத் தேடி வந்து நின்றது. அதை எழுதியவர் நிறுவனத்தை விட்டுப் போய் வெகு காலமாகியிருந்தது. இப்போது முழுக் கணக்கு ஆண்டுக்கான லாக்கையும் பார்க்கிறோம். அதன் பிறகும் உடனே நீக்கிவிடாமல், எல்லாத் துறைகளுக்கும் முன்னறிவித்து, பணிநேரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் பழைய பதிப்பை நிறுத்தி வைத்து, தொலைபேசியின் அருகே காத்திருக்கிறோம்.